பூட்டுக்காரி வீட்டு சர்வர்

பல்செட் செய்வது பெரியவளுக்குப் பிழைப்பு. ஆனால் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் பூட்டுக்காரி. சும்மா வைத்த பெயரில்லை. கீல் உடைந்த பழைய லேப்டாப் ஒன்றை அலமாரிமேல் ஏற்றி, அதையே வீட்டு சர்வராக்கி, மொத்தக் குடும்பத்தின் போட்டோக்களையும் அதில் போட்டவள் அவள்தான். வெளியாள் நுழையும் வழியையெல்லாம் அடைத்தாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரே வழி; அதற்கும் பாஸ்வேர்ட், போதாதென்று போனுக்கு வரும் நம்பர். ஞாயிறானால் அப்டேட். ஒரு பிரதி எடுத்துக் கடை மேஜைக்குள் வேறு பூட்டிவைப்பாள்.

"பேங்குலகூட இவ்ளோ கெடுபிடி இல்லக்கா" என்பாள் வேறு ஊரில் இருக்கும் தங்கை. கேலியோ பாராட்டோ, யார் கண்டது!

இந்தத் தங்கையால்தான் அத்தனை வயிற்றெரிச்சலும்.

யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று சர்வர் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடும். திருடனைப் பிடிக்க வைத்த ஏற்பாடு அது. பெரியவள் வேவு பார்த்ததோ அம்மாவை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அம்மா, எழுந்ததும் திறப்பது சின்னவள் ஃபோல்டர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சின்னவள் ஃபோல்டர். அவள் புது சோபா வாங்கினால் அந்த சோபாவைக்கூட விடுவதில்லை. பெரியவள் ஃபோல்டர் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. மருந்து வாங்கித் தருவது யார்? குழாய் ஒழுகினால் ஓடுவது யார்? அட, அந்த போட்டோக்களைப் பார்க்க வழிசெய்து கொடுத்தவளே யார்? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் பொறுமை போய், பாதுகாப்பு என்ற சாக்கில் சின்னவள் ஃபோல்டரை இழுத்துச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் டேப்லெட்டும் கையுமாக அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"என்னடி, இப்ப சின்னவளோடதும் தொறக்க மாட்டேங்குது?"

"அவளப் பாக்காட்டி உனக்கு உசுரே போயிடுமா? என்னோடத ஒரு தடவையாவது தொறந்திருக்கியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?"

அம்மா திருதிருவென்று விழித்தாள். "அடிப்பாவி! தினமும் மொதல்ல உன்னோடதத்தானே தட்டுறேன். அனுமதி இல்லன்னு செவப்பா எழுதி வெரட்டிவிடுது. சரி, நான் பாக்கறது உனக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சுக்குவேன். அப்பறம்தான் அவளோடதுக்குப் போவேன்."

பூட்டுக்காரி சர்வரைத் திறந்து பார்த்தாள். எல்லார் ஃபோல்டரிலும் அம்மா பெயரைச் சேர்த்தவள், தன்னுடையதில் மட்டும் சேர்க்க மறந்திருந்தாள். சர்வர் விரட்டியடித்தவர்கள் பட்டியலைப் புரட்டியதும் இல்லை. யாரோ திருட்டுப் பயல்கள் என்று இருந்துவிட்டாள். தினம் தினம் விரட்டுப்பட்டது பெற்ற தாய். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்மா பெயரைச் சேர்த்தாள். அம்மா ஆசையாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்னடி இது, வெறும் பல்லா இருக்கு! உன் மொகம் எங்கடி?"

"என்னை யாரும்மா போட்டோ எடுத்தாங்க?"

அம்மா டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "கண்ணத் தொடச்சுக்க. நிமிந்து பாரு. ம், சிரி." எடுத்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். "என் பொண்ணு எவ்ளோ அழகு!"

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இத உடனே சின்னவளுக்கு அனுப்புடி" என்றாள் அம்மா. "பாத்தா அவ எவ்ளோ சந்தோஷப்படுவா!"