மதிலுக்கு அந்தப் பக்கம் போன தண்ணீர்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதன் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, உச்சி வெயிலில் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாளாளர் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற நேரம் அதுதானாம். அவர் பார்க்கும்போது ஸ்பிரிங்ளர் சுற்ற வேண்டும், புல் மினுங்க வேண்டும். ஆடிக் காற்று அதில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டது. மிச்சமும் சரிவில் ஓடி, மதிலடி ஓட்டை வழியாக வெளியேறியது. இத்தனைக்கும் புல் மஞ்சளடித்துக் கிடந்தது. தினமும் மேலாகக் குடித்துச் சொகுசு கண்ட புல் வேரைக் கீழே இறக்கவே இல்லை.

வீணடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வால்வுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காற்று எழும் முன்னால், விடியற்காலையில் மட்டும்தான் தண்ணீர். அதுவும் தினமும் கிடையாது. நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பேன். சுலபமாக இறங்கினால் ஈரம் இருக்கிறது, அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இறங்க மறுத்தால் வால்வைத் திறந்து, செம்மண் குடிக்கக் குடிக்க, வேருக்குப் போகும்படி விட்டு விட்டுக் கொடுப்பேன். மதிலடி ஓட்டைக்குச் சிமெண்ட் பூசச் சொன்னதும் நான்தான். கொஞ்ச நாளில் புல் பச்சை பிடித்தது. மோட்டார் ஓடும் நேரம் பாதியானது. தாளாளர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அப்புறம்தான் அந்த அக்கா வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சம்பங்கி போட்டிருந்தவர். கணவருக்கு முட்டி போய்விட்டதால் ஒண்டியாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி போர்வெல் போட்ட பிறகு அவர் கிணறு வற்றிவிட்டது. காற்றில் வந்ததையும் ஓட்டையில் ஒழுகியதையும் வாய்க்கால் வெட்டிப் பிடித்துத்தான் அந்தப் பூவை உயிரோடு வைத்திருந்தார்.

"ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பழையபடி விடுங்க தம்பி. வீணாப் போற தண்ணியத்தான கேக்குறேன்."

"இப்ப எதுவும் வீணாப் போகலையேக்கா."

"அதான் வந்தேன்" என்றார்.

மிச்சம் பிடித்ததில் ஒரு குழாய் மட்டும் அந்தப் பக்கம் விடலாமா என்று தாளாளரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அந்த எடத்தக் குடுங்கன்னு எம்புட்டு நாளாக் கேக்குறேன், அந்தம்மா மசியல. நீங்க வந்து ஒரு சொட்டு வெளிய போகாமப் பண்ணிட்டீங்க. அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது கிரவுண்டுக்கும் தண்ணி வேணும்ல?"

என் வேலை சரியான வேலை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். தாளாளருக்கு அது அவ்வளவு தோதாக அமைந்துவிட்டதே என்றுதான் ஆறவில்லை.

ஆவணி பிறப்பதற்குள் தண்ணீர் சேமித்ததற்காக எனக்குக் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். பக்கத்திலேயே பூ இருக்கிறதே என்று மாலையை அந்த அக்காவிடமே கட்டச் சொல்லியிருந்தார் தாளாளர். அக்கா கூடையோடு கேட்டில் நின்றார்.

"உங்களுக்காமே தம்பி. இதான் கடைசிப் பூவு. வதங்கித் தெரியுது, தெளிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

வாட்ச்மேன் தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலை நீட்டினார். அக்கா உள்ளங்கையில் ஊற்றி, கீழே சிந்தாமல் மாலையில் தெளித்தார். மேடையில் தாளாளர் அதை என் கழுத்தில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மதிலை இடித்தாகிவிட்டது. இரண்டாவது மைதானம் அக்கா கொடுத்துவிட்டுப் போன அந்த இடத்தில்தான். அதற்கும் நான்தான் தண்ணீர் விடுகிறேன். அங்கே மட்டும் என் ஸ்க்ரூடிரைவர் சோதனை பலிப்பதில்லை. ஈரம் இல்லாத நாளிலும் சுலபமாக இறங்கிவிடுகிறது. அத்தனை வருஷம் அக்கா கொத்திக் கொத்திப் பொலபொலவென்று வைத்திருந்த மண்.