சிக்காகோவில் செருப்பைக் கழற்றியவர்

படகில் ஏற வருகிறவர்களின் முகத்தைச் சீதேவிப்பிள்ளை பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்பார். "கழட்டிப்போட்டு ஏறுங்க. அங்கயே கிடக்கட்டும், ஆரும் எடுக்க மாட்டாங்க." மட்டக்களப்பு நகரின் வாவிக்கரையில், வெயில் ஏறுவதற்கு முன், சின்ன இறங்குதுறையின் பலகைகளில் செருப்புகள் வரிசையாகச் சேர்கின்றன. யாராவது தயங்கினால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும். "சப்பாத்தோட ஏறினா அது தோணியில்ல, பஸ்."

அறுபது தாண்டிய மண்டூர்க்காரி. சேலைக்கு மேலே 'சிக்காகோ' என்று எழுதிய சிவப்புத் தொப்பி. எஞ்சினின் கைப்பிடியை வலது கையாலும் பேச்சை இடது கையாலும் நடத்துவார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார் என்றால் நீண்ட கதை வருகிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் மகள் வதனியோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். வதனியும் மருமகன் வினோஜனும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு நகரமாகக் கூட்டிப்போனார்கள். வாவிக்காரியாயிற்றே என்று போன இடமெல்லாம் படகிலும் ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. சன் அன்ரோனியோ: "ஆறு எண்டாங்க. நம்மட வாய்க்கால்தான். ஆனா ரெண்டு கரையிலயும் சாப்பாட்டுக்கடை, கையை நீட்டினா ஆருடயோ கோப்பையில படும்." சியாட்டில்: "வீடெல்லாம் தண்ணியில மிதக்குது. வெள்ளம் வந்தா எங்க ஓடுறீங்க எண்டு கேட்டன். சிரிக்காங்க."

சிக்காகோவைச் சொல்லும்போது மட்டும் எஞ்சினின் வேகத்தைக் குறைப்பார். அங்கே ஆற்றின் இரு பக்கமும் கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள், நடுவே சுற்றுலாப் படகு. ஊரில் எந்தத் தோணியிலும் செருப்போடு கால் வைத்துப் பழக்கமில்லாதவர், அங்கேயும் துறையில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் செருப்பு இல்லை. குப்பையென்று யாரோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும். வினோஜன் வெட்கத்தோடு சப்பாத்துக்கடை தேடி ஓட, இவர் பாட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்.

"வெயிலுக்க கல்லு சுடும். கட்டிட நிழலுக்க போனா குளிரும். சிக்காகோவைக் காலால பாத்த ஆள் நான் ஒருத்திதான் புள்ள."

மருமகனுக்கு அது மானம் போன நாள். மாமியாருக்குத் தொழில் பிறந்த நாள். ஊருக்கு வந்ததும், மறைந்த கணவர் இறால் பிடித்த படகை இவரே கழுவி, பலகை ஆசனம் போட்டார். புளியந்தீவைச் சுற்றி, கோட்டையைத் தண்ணீர்ப் பக்கமிருந்து காட்டி, சந்தைக்குப் பின்னால் இறக்கி, தானும் கூட நடப்பார். செருப்போ புறப்பட்ட துறையில் கிடக்கும். அதுவரை நகரத்துக்குள்ளே வெறுங்காலோடு நடக்க வேண்டும். பயணியாக வந்த நான் எத்தனையோ நாடுகளில் நகரச் சுற்றுலா போயிருக்கிறேன். என் பாதத்துக்கு எந்த ஊரும் ஞாபகமில்லை.

இந்த ஆண்டு வதனியும் வினோஜனும் ஒரு முடிவோடு வந்தார்கள். படகை விற்றுவிட்டு அம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போவது. வாழைச்சேனையில் ஒருவரிடம் வினோஜன் விலையும் பேசிவிட்டிருந்தார். "வயசு போகுது மாமி. ஆத்துக்க விழுந்தா ஆர் பாக்கிற?" வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"ஒருக்கா என்ட தோணியில வாங்க மருமகன். இறங்கின பிறகும் வில்லுங்க எண்டு சொன்னா விக்கிறன்."

அந்தக் காலையில் நானும் படகில் இருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தால் ஆசனம் நிறைந்திருந்தது. வினோஜன் சப்பாத்தைக் கழற்றினார். ஆனால் துறையில் வைக்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமியார் அதைக் கண்டும் எஞ்சினைக் கிளப்பினார்.

"சிக்காகோவில படகில இடம் காட்டின புள்ள கட்டிடத்தைப் பத்தித்தான் சொன்னா. உள்ளுக்க ஆர் இருக்கிற எண்டு சொல்லவேயில்ல" என்று தொடங்கினார் சீதேவிப்பிள்ளை. போர்த்துக்கீச வம்சாவளிப் பறங்கியர் ஒருவரின் கரையோரத் தச்சுப்பட்டறையைக் காட்டினார். "இது ஹரல்ட் வீடு. ஊர்க் கலியாணத்துக்கெல்லாம் வயலின் வாசிச்ச மனிசன், தன்ட கலியாணத்துக்குப் பிந்தித்தான் வந்தவர்."

சீவிக்கொண்டிருந்த பலகையிலிருந்து ஹரல்ட் நிமிர்ந்தார். "மழை பெய்ஞ்சது எண்டும் சொல்லு சீதேவி."

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மனைவி இவோனின் குரல் வந்தது. "மழையுமில்ல, ஒண்டுமில்ல."

படகே குலுங்கியது. அன்றைக்கு வினோஜன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

சந்தைக்குப் பின்னால் இறங்கினோம். கொழும்புக்காரர்கள் மீன் கழுவிய ஈரத்தில் கால் வைத்துக் கூச்சத்தோடு சிரித்தபடி முன்னே போனார்கள். வினோஜன் பையைத் திறந்து சப்பாத்தை வெளியே எடுத்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டு நடந்தார்.

வெற்றிலை விற்கும் பெண் விடவில்லை. "என்ன தம்பி, அமெரிக்காவில சப்பாத்து முடிஞ்சிட்டா?"

"மாமிட சட்டம் அக்கா. மீறினா சோறு கிடைக்கா."

அவர் இப்படி ஊராரோடு பகிடி விட்டுக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது என்று வதனி என் காதுக்குள் சொன்னார். தார் வீதியின் நடுவில் வினோஜன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

"சுடுது மாமி."

"சுடும். அங்கால நிழல் இருக்கு. வாங்க."

துறைக்கு வந்ததும் கொழும்புக் குடும்பம் மறுநாளுக்கும் இடம் கேட்டது. சீதேவிப்பிள்ளை மருமகனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாளைக்கும் நாளையிண்டைக்கும் இடமில்ல. அதுக்கு அடுத்த நாள் வாங்க."

வினோஜன் சற்றுத் தள்ளிப் போய்த் தொலைபேசியை எடுத்தார். காற்று எங்கள் பக்கம் வீசியது. "இல்ல அண்ணன், தோணி விக்கிறதுக்கில்ல. ஓம், தாறன் எண்டதும் நான்தான். இல்ல எண்டதும் நான்தான்." சீதேவிப்பிள்ளை தொப்பியை நெற்றிவரை இழுத்துச் சரிசெய்தார்.

திரும்பி வந்த வினோஜன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "ஏறுற எல்லாருக்கும் மிதவை அங்கி வேணும் மாமி. உங்களுக்கும்தான். அது என்ட சட்டம்."

"ஓம் மருமகன். சட்டத்துக்குச் சட்டம்."

அடுத்த வாரம், யாரும் கூப்பிடாமலே, செம்மஞ்சள் நிற அங்கிகளைத் தோளில் சுமந்துகொண்டு அவர் துறைக்கு வந்தார். படகில் இடம் இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றார் மாமியார். துறைப் பலகையிலும் இடம் இல்லை, ஓரம்வரை செருப்புகள். கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்குமிங்கும் பார்த்தார். சீதேவிப்பிள்ளை படகிலிருந்து எட்டி, வரிசையின் முதலில் கிடந்த தன் செருப்பை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் விட்டார்.