இல்யாரிக்கு இரண்டு நாட்டில் பெயர் எழுதிய கதை

சாத்துர்னினோ வில்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவன் கட்டிலும் அலமாரியும் செய்வான். இந்தப் பக்கம் நான் அவற்றுக்கு வார்னிஷ் அடிப்பேன். லிமாவின் ஓரத்தில் இருக்கும் எங்கள் வில்லா எல் சால்வடோரில் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோருமே கத்திப் பேசுகிறவர்கள். மர அறுவை இரைச்சலில் வேறு வழியில்லை. சாத்து மட்டும் மெல்லத்தான் பேசுவான். காதில் விழவில்லை என்றால் மறுபடி சொல்லவும் மாட்டான்.

அப்படிப்பட்டவன் ஒரு ஜப்பான்காரியைக் கட்டிக்கொண்டதும் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கயோகோ மியாஹிரா ஒகினாவாத் தீவிலிருந்து வந்தவள். நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பள்ளியில் தொண்டு வேலை. அந்தப் பிள்ளைகள் உட்கார நாற்காலி வேண்டும் என்று சாத்துவிடம் வந்தாள். கால் உயரம் சரியில்லை, முதுகு சாயவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தாள். "நாற்காலி எப்பவோ சரியாயிடுச்சுக்கா" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

எதிர்ப் பட்டறைக்காரன் ஒருநாள் அவளைப் பார்த்து, "என்ன சீனாக்காரம்மா, சௌக்கியமா?" என்றான்.

"நான் சீனா இல்லண்ணே, ஒகினாவா."

"எல்லாம் ஒண்ணுதானே தாயி."

"ஓகோ. அப்ப நீங்க பொலிவியாவா?"

அதோடு அவன் வாயை மூடியவன்தான். அன்றைக்கே நாங்கள் அவளை எங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டோம்.

அவள் உண்டானபோது சாத்து முதல் வேலையாகத் தொட்டில் செய்யவில்லை, பெயர் வைத்தான். பெண்ணோ பையனோ தெரியும் முன்பே, "பொண்ணுதான். இல்யாரி" என்றான். மலைக்காரர்கள் பேசும் கெச்சுவா மொழியில் விடியல் என்று பொருள். பெயரில் அவனுக்கு அவ்வளவு பிடிவாதம் ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பிறந்தது மலைமேல். அவன் அம்மா அவனுக்கு இடியின் பெயரான இல்யாப்பா என்று வைக்க ஆசைப்பட்டிருக்கிறாள். பதிவுக்காரன், "இதெல்லாம் ஒரு பேரா?" என்று நாட்காட்டியைப் புரட்டி, அன்றைய புனிதர் யாரோ அவர் பெயரை எழுதிவிட்டான். அப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு இழுத்தான். அப்பன் என்று வந்து நிற்க யாரும் இல்லை.

எங்கள் நாட்டில் பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. சாத்துவுக்கு இரண்டுமே அம்மாவுடையது. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "டேய், உங்கம்மாவுக்கு நீ மகனா, தம்பியாடா?" என்று கேட்டுக் கேட்டு அழ வைத்திருக்கிறார்கள். அவன் அதிகம் பேசாமல் போனது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

பெண்ணே பிறந்தாள். லிமாவில் வெயிலே எட்டிப் பார்க்காத மாதம். எங்கள் பதிவு அலுவலகத்தில் எந்தத் தடையும் இல்லை. இப்போதெல்லாம் கெச்சுவாப் பெயர் என்றால் மரியாதையாகவே எழுதுகிறார்கள். இல்யாரி வில்கா மியாஹிரா. அந்தத் தாளை அவன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினான். எதிர்ப் பட்டறைக்காரனுக்கு இரண்டு தடவை காட்டினான்.

பிறகுதான் வினை வந்தது. கயோகோ ஜப்பான் தூதரகத்தில் விசாரித்துவிட்டு நேராகப் பட்டறைக்கே வந்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் பேசினார்கள்.

"மூணு மாசத்துக்குள்ள எங்க ஊருக்கும் பிறப்பைத் தெரிவிக்கணும். இல்லன்னா ஜப்பான் குடியுரிமை அவளுக்குப் போயிடும்."

"தெரிவிச்சிருவோம். அதுக்கென்ன?"

"அங்க ரெண்டு குடும்பப் பேர் கிடையாது சாத்து. ஒண்ணுதான். அம்மா எந்தக் குடும்பப் பதிவுல இருக்காளோ அந்தப் பேர்தான். மியாஹிரா இல்யாரி. அவ்வளவுதான்."

இழைப்புளிச் சத்தம் நின்றது.

"என் பேரு?"

"அங்க வராது."

"அப்ப அந்த நாட்டுல என் பொண்ணுக்கு அப்பன் இல்ல. அப்படித்தானே?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"எழுத்துல அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாததா?"

அவன் குரல் உயர்ந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கயோகோவும் விடவில்லை. "சட்டப்படி உன் கையெழுத்தே தேவையில்ல. நான் தனியாப் போய்க் கொடுத்துட்டு வரலாம். ஆனா போக மாட்டேன். நீ வந்தாத்தான் போவேன்" என்றாள். குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையில்லை; பேச்சுமில்லை. அவள் சமைத்ததை அவன் சாப்பிட்டான். அவன் துவைத்ததை அவள் மடித்தாள். குழந்தை மட்டும் இரண்டு பேர் மடியிலும் மாறி மாறிக் கிடந்தது. மூன்றாவது மாதம் பிறந்தும் இப்படியே ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் பார்லிக் கஷாயம் குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"உன் பேரை ஒரு பதிவுக்காரன் அவன் இஷ்டத்துக்கு எழுதினான். அது தப்புன்னுதானே இவ்வளவு நாளா சொல்றே?"

"ஆமா."

"இப்ப நீ சும்மா உட்கார்ந்திருந்தே அவளுக்கு ஒரு நாட்டை இல்லாம ஆக்கப்போறே. அதுக்கு என்ன பேரு?"

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். வேண்டாத வாய் கொடுத்துவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது. ஆனால் மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, தூதரகம் வரைக்கும் கூட வரியா? கயோகிட்ட சொல்லாதே. எனக்கு அங்க போய்ப் பேச வராது."

சாரல் முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. பேருந்தில் அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தமாஷிரோ அம்மாள். ஜப்பான் முகம், பேச்சு மட்டும் சுத்த லிமா. அவன் எடுத்த எடுப்பில் கேட்டான்: "அங்க எம்பொண்ணுக்கு அப்பன் யாருன்னு எழுதுவீங்களா, இல்ல கோடு போட்டு விட்ருவீங்களா?"

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "ஏன் சார் கோடு போடணும்? நீங்க கல்யாணம் ஆனவங்கதானே?"

"பேரு மியாஹிரான்னு மட்டும்தான் வரும்னாங்க."

"அது குடும்பப் பேரு. அப்பா, அம்மா பேரு தனியா வரும். அப்பாவுக்குன்னு ஒரு இடம் இருக்கு. வெளிநாட்டுக்காரரா இருந்தாலும் ஜப்பான் எழுத்துல உங்க பேரை எழுதுவாங்க." ஒரு துண்டுத் தாளை எடுத்து, "உங்க முழுப் பேரைச் சொல்லுங்க" என்றாள். சொன்னான். அவள் எழுதி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

மூங்கில் குச்சிகளை உதிர்த்துப் போட்ட மாதிரி இருந்தது எழுத்து. சாத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நானா?"

"நீங்கதான். இது வில்கா. இது சாத்துர்னினோ. உங்க பேரு நீளம் சார், அந்தக் கட்டத்துக்குள்ள நெருக்கித்தான் எழுதணும்."

"நெருக்கியே எழுதுங்க. பரவால்ல" என்றான். குரல் உடைந்தது. நான் கூரையைப் பார்த்தேன். அந்த அம்மாள் அவனுக்குப் பின்னால் நின்றவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். அந்த ஒரு நல்ல குணத்துக்காகவே அவள் பெயரை நான் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் துண்டுத் தாளைக் கயோகோ கையில் கொடுத்தானாம். அவள் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இதை நான் சொல்லியிருக்கணும். எங்க ஊர்ல அது எப்பவும் இருக்கறது. சொல்லணும்னே தோணல சாத்து" என்று அழுதாள்.

அப்புறம் அவளிடமிருந்து ஒரு குண்டு. எங்கள் கடலோரப் பேச்சில் இல்யாரியை எல்லோரும் இயாரி என்றுதான் சொல்கிறோம். அதை அப்படியே அவர்கள் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா?

"எங்க பாஷையில இயான்னா 'வேண்டாம்'. இயாரிங்னா காதுல போடுற தோடு. பள்ளிக்கூடத்துல பசங்க விடுவாங்களா? வேண்டாம்-வேண்டாம்னு பேரு வைச்ச பொண்ணு ஆயிடுவா."

சாத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெயருக்காகத் தான் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்துச் சிரித்தது போல இருந்தது. கடைசியில் மலைக்காரர்கள் சொல்கிறபடியே, நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் ஒலிக்கு நெருக்கமாக எழுதினார்கள். நடுப் பெயர் என்று ஒன்று அங்கே கிடையாது. எழுதினால் முதல் பெயரோடு ஒட்டி ஒரே சரமாகிவிடும். சாத்துவின் அம்மா கேட்ட ஃபெலிசிதாஸ் என்ற பெயரை அதனால் ஞானஸ்நானத்துக்கு வைத்துக்கொண்டோம். ஞானத்தாய் நான்தான். அந்தப் பெயரை இன்றுவரை நான் ஒருத்திதான் கூப்பிடுகிறேன்.

கெடு முடியுமுன் மூன்று பேருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். பதிவின் நகல் வந்தபோது சாத்து அதைத் தெருவில் காட்டவில்லை. வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல வேலைக்கு வந்தான். ஆனால் அந்த வாரம் பட்டறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவனுக்குப் பாட வராது என்பது அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது.

இல்யாரிக்கு இப்போது நான்கு வயது. போன வருடம் ஒகினாவா போய் வந்தாள். அங்கே தாத்தாவுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை; ரியா என்று சுருக்கிவிட்டார். ரியா என்றாலும் திரும்புவாள், இயாரி என்றாலும் திரும்புவாள், ஃபெலிசிதாஸ் என்றால் மட்டும் முறைப்பாள்.

கயோகோவுக்கு அடுத்த மாதம் பையன் பிறக்கப்போகிறான். இந்தத் தடவை பெயர் வைப்பது அவள் முறை. ட்சுயோஷி. சாத்துவுக்கு அந்த முதல் எழுத்து வருவேனா என்கிறது. காலையிலிருந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே, "சு... சுசு... துசு..." என்று சொல்லிப் பார்க்கிறான்.

"என்னடா, கொசு விரட்டுறியா?" என்றேன் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து.

"உன் ஞானமகனைக் கூப்பிடுறேன்கா. நீயும் பழகிக்கோ" என்றான், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.