தும்பி பிடிக்கும் படகு

வெறுங்காலோடு படகின் முனையில் குந்திக்கொண்டு, கயிற்றின் கொக்கியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறார் உமேகிச்சி. படகு நாசகாரிக் கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிறது. எதிரே ஜப்பானின் யோகோசுகா விரிகுடாவில் விமானந்தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்து ஓடுகிறது. அதன் தளத்தில் இரட்டைச் சிறகுப் போர்விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தளத்துக்கு ஓரம் உண்டு, வேலி கிடையாது. விமானம் தவறிக் கடலில் விழுந்தால், மீட்பது உமேகிச்சியின் பாடு.

விழுந்த விமானம் மூக்கு நீரில், வால் மேலே என்று தும்பியைப் போல நிற்கும். அதனால் மாலுமிகள் இந்த வேலைக்குத் தும்பி பிடிப்பது என்று பெயர் வைத்துவிட்டார்கள். விமானத்தைச் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. விமானிக்குத் தளம் தெரியட்டும் என்று, மோட்டார் கார் போல முன்னால் இருந்த ரேடியேட்டரை வயிற்றுக்கு இறக்கினார்கள். தளத்தில் நீளவாக்கில் கட்டிய கம்பிகளைக் கவ்வ, சக்கர அச்சில் சீப்புப் பல் மாதிரி கொக்கிகள் வைத்தார்கள். ஆனாலும் பக்கக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் கவ்வாது. "மூக்க மாத்துறானுங்க, காலை மாத்துறானுங்க. கடலை மாத்த முடியலல்ல, அதான் எனக்குச் சோறு" என்பார் உமேகிச்சி.

அவருடைய வழி ஒன்றே ஒன்று: முதலில் வால், பிறகு ஆள். வாலில் கொக்கியை மாட்டினால் கப்பல் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விமானம் முழுகாது. அதற்குப் பிறகு ஆற அமர இருக்கை வாரை அறுத்து ஆளை எடுக்கலாம். இப்படிப் பதினொரு பேரை எடுத்திருக்கிறார்.

அதில் இரண்டு முறை வந்தவர் விமானி லெப்டினன்ட் கிரிஹாரா. இரண்டாம் முறை சொட்டச் சொட்ட ஏறியவரிடம், "என்னங்கய்யா, குளிக்கணும்னா நம்ம வீட்டுக்கே வரலாமே?" என்றார் உமேகிச்சி.

"உன் வீட்டு அண்டாவுல விமானம் எறங்காதேண்ணே!"

அதிகாரி என்ற பந்தா இல்லாத பிள்ளை. ஓய்வு நாளில் கணவாய்க் கருவாட்டோடு வந்து, துடுப்புக்காரர்களோடு பலகையில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார். உமேகிச்சிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மனசு போய் ஒட்டிக்கொண்டது.

மார்ச் மாத மதியம் ஒன்றில் தளத்தைத் தாண்டி ஒரு விமானம் கவிழ்ந்தது. வால் எண்ணைப் பார்த்ததுமே உமேகிச்சிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. படகு நெருங்கியது. "அண்ணே, வாலு! வாலு!" என்று துடுப்புக்கார ஜின்பெய் கத்தினான். உமேகிச்சி கொக்கியை மாட்டாமல் கயிற்றை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தார். நனைந்த வார் பாதி அறுபடுவதற்குள் விமானம் நீர் குடித்துக் கீழே போனது. பிடித்த சட்டைக் கை நழுவிற்று.

தளபதி எல்லோர் முன்னிலையிலும் வரிசையில் நிறுத்தி அவருடைய துணிச்சலைப் பாராட்டினார். ஜின்பெய் கத்தியது அறிக்கையில் இல்லை. அவனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உமேகிச்சிதான் தேநீர் ஆறிப்போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நாலு மூச்சுடா. கொக்கிய மாட்ட நாலு மூச்சு போதும். முன்னப்பின்ன தெரியாத ஆளா இருந்தா மாட்டியிருப்பேன்." அவர் இன்னும் அதே படகில்தான் போகிறார், வேறு வேலை தெரியாது.

போன வாரம் கிரிஹாராவின் அப்பா நாகானோ மலைப்பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். படகுத்துறையில் விசாரித்து உமேகிச்சியைக் கண்டுபிடித்து, இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"எம்புள்ள தனியா போகலைன்னு சொன்னாங்க. நீங்க வாலைக்கூடப் பாக்காம அவனுக்காகவே குதிச்சீங்களாம். கடைசியா அவனைத் தொட்ட கை... ஒருதரம் புடிச்சுக்கிறேனே?"

கிழவர் இரண்டு கைகளையும் நீட்டினார். உமேகிச்சி தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.