சாக்கோட்டையில் மணி பத்தேமுக்கால்

ராணுவத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட பென்சில் பிடித்ததுதான் அதிகம். வயர்லெஸ் பிரிவில் சேர்ந்த என்னை, எழுபதுகளின் நடுவில், வேறு பன்னிரண்டு பேரோடு பொறுக்கியெடுத்து, செயற்கைக்கோள்களைத் தொடரும் நிலையம் ஒன்றில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. பதின்மூன்று பேருக்கு ஒன்பது நாற்காலிதான் இருந்தது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பத்தாவது வரவில்லை.

செயற்கைக்கோள் பூமியைச் சுற்றி வருகையில் எங்கள் பக்கம் தலைகாட்டுவது சில நிமிடங்கள்தான். அது அடிவானத்தில் எழுந்ததும் பெரிய ஆன்டெனாவை அதன் பக்கம் திருப்பி, அது அனுப்புவதைப் பிடித்து, நாங்கள் இட வேண்டிய கட்டளையை மேலே அனுப்பி, அது கேட்டுக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குள் மறுபக்கம் இறங்கிவிடும். தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். குழப்பம் வரக்கூடாது என்று நேரத்தையெல்லாம் கிரீன்விச் கணக்கில், அதாவது லண்டன் நேரத்தில், வைத்திருந்தோம். நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். சுவரில் ஒரு நேரமும் கையில் ஒரு நேரமும் இருந்தால் தப்பு நடக்கும் என்பதால் எங்கள் கைக்கடிகாரங்களும் அப்படியே ஓடின. லீவில் காரைக்குடிக்கு வந்தாலும் நான் மாற்றுவதில்லை. ஐந்தரையைக் கூட்டுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

வேலையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது உத்தரவு. அதனால் என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்பேன். யாரும் நம்பவில்லை. மூன்று இடங்கள் கைவிட்டுப் போயின. நான்காவது சாக்கோட்டை. பெண்ணின் அப்பா விவசாயி. அவருடைய தம்பி மருமகன் எல்லைச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. சண்டைக்குப் போகிறவனுக்குப் பெண் கிடையாது என்பதில் உறுதியாக இருந்தார். 'ஆபீஸ் வேலை' என்று சொல்லியனுப்பியதால் நேரில் வந்து பேசச் சொன்னார். புகைப்படத்தைப் பார்த்தது முதலே எனக்கோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா, அண்ணன், நான் மூவரும் போனோம். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பேசித் தட்டு மாற்றிவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். பஸ் தாமதம். ஜன்னலோர இருக்கையில் ஆணி வேறு. போனதும் காபியும் வாழைப்பழமும் வைத்தார்கள். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நான் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டேன்.

அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. பெண்ணின் தாய்மாமன் என்னைப் பார்த்து, "மணி என்னாச்சு மாப்ளே?" என்றார்.

"பத்தேமுக்கால்" என்றேன். பதற்றத்தில் ஐந்தரையைக் கூட்ட மறந்துவிட்டேன்.

"காலையிலயா, ராத்திரியிலயா?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். "இல்லை, நாலேகால். இது லண்டன் நேரம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கடிகாரத்தைக் கழற்றி வேறு காட்டினேன்.

"சாக்கோட்டைக்குப் பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு லண்டன் நேரம் எதுக்கு?" என்றார் மாமன். "வேலையவும் சொல்ல மாட்டேங்கிறீக. மணியும் மாத்திச் சொல்றீக. இன்னும் என்னென்ன இருக்கோ?"

"எந்தம்பி பொய் சொல்ற ஆளில்ல" என்று அண்ணன் எழுந்தான்.

"பொய்யின்னு யாரு சொன்னா? இங்குட்டு உக்காருங்க. புரியலைன்னுதானே கேக்குறேன்!"

இப்படியே பேச்சு வளர்ந்தது. கடைசியில் மாமன் பக்கத்து வீட்டு ரேடியோவில் நேரம் கேட்டு வந்தார். நாலரை தாண்டிவிட்டது. அம்மா தலையில் கை வைத்தாள். ராகுகாலத்தில் தட்டு மாற்றவும் முடியாது, கிளம்பிப் போகவும் கூடாது. ஆறு மணிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் பெண்ணின் அப்பா எழுந்து, "கொல்லைப் பக்கம் வாங்க தம்பி" என்றார். தென்னங்கன்றுகளுக்கு நடுவே நின்று நேராகக் கேட்டார்: "சண்டை வந்தா உங்கள எங்க நிறுத்துவாக?"

"இப்ப இருக்கிற எடத்துலயேதான் மாமா. நாற்காலியில."

"வெளையாடாதீக."

"வானத்துல ஒண்ணு சுத்துதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாகளே, அந்த மாதிரி சங்கதி. அதைக் கீழ இருந்து ஓட்டுறதுதான் வேலை. அதுக்கு மேல கேக்காதீக."

"அதுல ஏறிப் போகணுமா?"

"அதுல ஆள் ஏற முடியாது."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப மாடு மேல போகுது, வண்டிக்காரரு கீழ உக்காந்து ஓட்டுறீக."

"ஆமா."

"மாடு சொன்னபடி கேக்குதா?"

"சில நாள் கேக்கும்."

அவர் சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. "சண்டை வந்தாலும் அந்த நாற்காலிதானா?" என்று மறுபடி கேட்டார்.

"அதுவும் ஒன்பதுதான் இருக்கு மாமா. பிந்திப் போனா நின்னுக்கிட்டுதான் பாக்கணும்."

அதன் பிறகு அவர் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. கன்றுகளுக்கு வரும் நோயைச் சொன்னார். நான் கன்றுகளை எண்ணினேன். இருபத்தாறு. அவர் இருபத்தஞ்சு என்றார். இருவரும் மறுபடி எண்ணினோம். இருபத்தாறுதான்.

உள்ளே வந்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பி, "இலையப் போடுங்க" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. காபியும் பழமும் கணக்கில் சேராது, சோறு சேரும். ஒரு கவளம் சாப்பிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று, எடுத்தாயிற்று என்று பொருள்.

"மச்சான், இன்னும் தட்டே மாத்தலையே" என்றார் மாமன்.

"தட்டு ஆறு மணிக்கு மேல மாறட்டும். பசிக்கு ராகுகாலம் ஏது? மொதல்ல அவுக கை நனைக்கட்டும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று இலைகள். ஐந்து வகைக் கறி. அவியலில் உப்பு கொஞ்சம் குறைவு. கதவோரம் நின்ற பெண் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனே வாளியோடு வந்து, "பட்டாளத்துப் பசி, அள்ளிப் போடுங்கப்பா" என்று பரிமாறினார். மூன்றாவது தடவை சோறு வந்தபோது போதும் என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் கையைக் குறுக்கே வைக்கவில்லை.