தலையணை உயரத்துக்கு வெட்டிய ஸ்டாண்டு

ஆவடி மாநகராட்சியான வருஷம் அற்புதம் படுக்கையில் விழுந்தாள். ஊரடங்கு முடிந்து மின்சார ரயில் மறுபடி எல்லாருக்கும் ஓடத் தொடங்கிய வருஷம் கண்ணை மூடினாள். போன வாரம், வெள்ளானூரில் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் நின்ற காலையில், அவள் மகன் போன் செய்தான். "அப்பா எயுந்திரிக்கல பெரியப்பா." அவ்வளவுதான் சொன்னான்.

அவள் புருஷன் பால்ராஜும் நானும் சென்னை பாடியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். வேலையை விட்ட கையோடு பால்ராஜ் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினான். ஜோடி என்றால் புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று என்று நினைத்துவிட்டான். ஒன்றைக் கூடத்தில் வைத்தான், மற்றதை அடுப்பங்கரை அலமாரியில். பழைய பாட்டுகள் சிலவற்றில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் வாத்தியம் மற்றதிலும் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. நான் போனபோது அற்புதம் கேட்டாள்: "இன்னா அண்ணாத்தே, ஒரு வாரமா பிடிலே வாசிச்சிகினு கீறான். பாடுறவன் எப்பதான் வருவான்?"

"பாடிகினுதான் கீறான். உனக்குத்தான் காது அவுட்டு" என்றான் பால்ராஜ், கூடத்திலிருந்து.

விஷயம் புரிந்ததும் இரண்டையும் கூடத்துக்குக் கொண்டுவந்தான். இரும்புக் குழாயில் மணல் நிரப்பி, நாங்களே இரண்டு ஸ்டாண்டு வெல்டிங் வைத்தோம். சுவரை ஒட்டினால் முழங்குகிறது என்று முன்னே இழுத்தான். நடுவில் ஒரு நாற்காலி. அவனை அறிந்தவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்தவர்கள்தான். "காதுக்கு நேரா நின்னாதான் பாட்டு மாமே, மத்ததெல்லாம் சத்தம்" என்பான். அற்புதம் மட்டும் அதில் உட்கார்ந்ததில்லை. அடுப்பு விடவில்லை.

பக்கவாதம் வந்து அவள் கட்டிலோடு கிடந்தபோது, ஸ்டாண்டை வெட்ட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான்.

"வெட்டிட்டா அப்பால ஏத்த முடியாதுடா."

"அவ எயுந்துக்கப் போறதில்ல மாமே. தலகாணி உயரத்துக்கு வெட்டு."

வெட்டினோம். மணல் தரையெல்லாம் கொட்டியது. கால்மாட்டில் இரண்டு பக்கமும் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, பாட்டைப் போட்டான். அவள் கண் அங்குமிங்கும் போய், நடுவில் நின்றது. கோணிய வாயால் ஒரே வார்த்தை சொன்னாள். "வந்துட்டான்."

அவள் போன பிறகும் அவன் வேறு ஸ்டாண்டு செய்யவில்லை. அந்தக் கட்டிலில் படுத்துத்தான் கேட்டான். படுத்தபடியே போனான்.

ஸ்பீக்கரை மகன் எடுத்துக்கொண்டான். டிவிக்கு மேலே பரணில் வைப்பானாம். ஸ்டாண்டு இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் மேல் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. வைத்தாலும் என்ன, என் இடது காது பட்டறையிலேயே போய்விட்டது. எங்கே உட்கார்ந்தாலும் எனக்குப் பாதிதான்.

ஸ்டாண்டை வெட்டிய அன்றைக்கு அந்த அறையில் இருந்தது மூன்று பேர். மிச்சம் இருப்பது வெள்ளானூர் எத்திராஜாகிய நான் ஒருவன்.