விளிம்பு வைத்த ரப்பர்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் அண்ணனுக்குக் கார் பட்டறை இருந்தது. பெரும்பாலும் டாக்சிக்காரர்கள்தான் வருவார்கள். சீமைக் கார்களில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் ஒன்று உண்டு. மேலிருந்து ஒழுகும் எண்ணெய் அதில் தேங்கி, ரப்பர் ஊறிப்போய், இன்ஜின் ஆட ஆரம்பிக்கும். அண்ணன் தானே ஓர் இரும்பு அச்சு செய்து, தோட்டத்து ரப்பரை வாங்கி வேகவைத்து, அதே மாதிரி வார்த்தார். ஒரே ஒரு மாற்றம். எண்ணெய் வெளியே வடிந்துபோகும்படி மேலே குடைபோல ஒரு விளிம்பு வைத்தார். அதைத் தேடி ஊருக்கு வெளியே கிளேபாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஓர் ஆசை வந்தது.

"அந்த ரப்பர செய்யிற கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதுபோல. நீ ஒரு லெட்டர் போடேன், தங்கச்சி. அவன் சாமான்ல இருக்கிற கோளாற நாமதானே சொல்லணும்?"

எனக்கோ கான்வென்டில் படித்து, ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்த திமிர். நீட்டி முழக்கி எழுதினேன். 'உங்கள் பொருளை நாங்கள் இங்கே செய்து விற்கிறோம், இப்படித் திருத்தியும் இருக்கிறோம்' என்று படம் போட்டு, மாதிரிக்கு ஒரு ரப்பரையும் பொட்டலம் கட்டி அனுப்பினேன். கீழே அண்ணனைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

பதில் சிங்கப்பூர் வக்கீலிடமிருந்து வந்தது. கம்பெனி அந்த ரப்பருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கி, மலாயாவிலும் பதிந்து வைத்திருந்ததாம். செய்வதை நிறுத்த வேண்டும், அச்சை ஒப்படைக்க வேண்டும், திருத்தமும் கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கோர்ட். உரிமம் கொடுங்கள், முறைப்படி செய்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். பட்டறைகளுக்குக் கொடுப்பதில்லையாம்.

மலாக்காவிலேயே ஒரு தமிழ் வக்கீலிடம் ஓடினோம். என் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தவங்க மறைச்சு மறைச்சு செய்வாங்க. நீங்க எழுதியே குடுத்துட்டீங்களேம்மா."

அண்ணன் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அச்சை வாங்கிப்போக வந்தவனுக்கு, அதைத் துடைத்து அவரே தூக்கிப்போய்க் காரில் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை, என்மேல்தான்.

மெர்டேக்கா வந்தது, மலாயாவுக்குச் சுதந்திரம். கூட்டத்தில் நின்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்த அண்ணன் மறுநாளே கேட்டார். "இப்ப நம்ம நாடு லா. இனிமே செய்யலாம்தானே?" வக்கீலிடம் போய் விசாரித்தேன். பழைய பதிவு அப்படியே செல்லும் என்றார். அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அப்புறம் ஒருநாள் கம்பெனியின் புது ரப்பர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரித்தார். மேலே குடைபோல அதே விளிம்பு. பெட்டியில் காப்புரிமை எண் அச்சாகியிருந்தது. தூக்கி எறியப் போகிறார், என்னை நாலு வார்த்தை கேட்கப் போகிறார் என்று நின்றேன்.

அவர் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, ஒத்துக்கிட்டானுங்க! உன் லெட்டர படிச்சிருக்கானுங்க, தங்கச்சி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.